பேட்டைக்கு யாரை அழைத்தார்கள்?

கடந்த ஆண்டு எங்கள் ஊர் நகராட்சிச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பழைய பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் கடைகளை இடித்துவிட்டுப் புதிய வணிக வளாகம் கட்டப் போகிறார்களாம். கடைத்தெரு களையிழந்துவிட்டதாம். வெளியூர் வியாபாரிகளையும் புதிய தொழில்களையும் ஊருக்குள் அழைத்து வருவதுதான் நோக்கமாம். அதற்கு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். கடைக்காரர் சங்கத்தை அழைத்திருந்தார்கள், லாரி முதலாளிகளை அழைத்திருந்தார்கள், மண்டிக்காரர்களை அழைத்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து நான்கு பேரை அழைத்திருந்தார்கள், நாற்காலி போடவும் மண்டபம் கூட்டவும்.

தென்மாவட்டத்துக் கரிசல் பூமியில் இருக்கும் சிறு நகரம் எங்களுடையது. ஊர்ப்பெயர் வேண்டாம். எந்த ஊர்ப்பெயரைப் போட்டாலும் பொருந்தும் கதை இது.

என் சித்தப்பா மகள் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்: "அண்ணே, நான் ஒரு கடை எடுத்து மெஸ் போடலாமாண்ணே?" பத்து வருசமாக ஒரு விடுதியில் சமைக்கிறாள். இருநூறு பேருக்கு ஒற்றை ஆளாய் நின்று சாம்பார் வைப்பாள். நான் உடனே "போடலாம்மா" என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

அவளுடைய அப்பா, என் சித்தப்பா, கடைத்தெருவில் இருபத்தைந்து ஆண்டுகள் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் ஆசைப்பட்டது டீக்கடைக்கு. இடம் கேட்டுப் போன இடத்தில் கட்டட உரிமையாளர் நாகரிகமாகத்தான் பேசினாராம்: "எனக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்துக் கடைக்காரங்க வருத்தப்படுவாங்க." அதே ஆள் அதே தெருவின் கோடியில் பஞ்சர் ஒட்ட இடம் கொடுத்தார். சித்தப்பா சொல்வார்: "பஞ்சர் ஒட்டுறவன் கைய எவனும் பாக்க மாட்டான்டா. டீ ஆத்துறவன் கைய ஊரே பாக்கும்."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் கடைத்தெருவின் சமூகவியல் முழுவதும் இருக்கிறது. எங்கள் ஊரில் நம்மவர் வைத்திருக்கும் கடைகளை எண்ணிப் பாருங்கள். பஞ்சர் கடை, செருப்புக் கடை, பழைய இரும்புக் கடை, கொஞ்சம் படித்தவன் என்றால் ஜெராக்ஸ் கடை. வாயில் போடும் பொருளை விற்பவர் எத்தனை பேர்? முதல் இல்லை என்பது பாதி உண்மை. முதல் கிடைத்தவனும் எந்தச் சரக்கை விற்கலாம் என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது என்பது மீதி உண்மை.

வியாபாரிகளை அழைத்து ஊர் உண்டாக்குவது இன்று புதிதாய்க் கண்டுபிடித்த உத்தி அல்ல. 1639இல் சென்னைக் கடற்கரையில் இடம் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி செய்த முதல் காரியங்களில் ஒன்று, அங்கே வந்து குடியேறுகிறவர்களுக்கு 30 ஆண்டுகள் சுங்கச் சலுகை என்று அறிவித்ததுதான். நெசவாளர் வந்தார்கள், வணிகர் வந்தார்கள், கறுப்பர் நகரம் எழுந்தது. கம்பெனிக்குச் சுமை தூக்கவும், சமைக்கவும், மலம் அள்ளவும் நம் முன்னோரும் வந்தார்கள். அவர்களுக்கு நகரத்துக்கு வெளியே பறைச்சேரி. அழைக்கப்பட்டு வந்தவர்களுக்குக் கடை, அழைக்கப்படாமல் தேவைப்பட்டவர்களுக்குச் சேரி. நகர வரலாறு எழுதுகிறவர்கள் முதல் வரியை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் யாரும் அழைக்காமல், அழைப்பதற்குப் பதில் அடித்து விரட்டப்பட்டும், தாங்களே கடைத்தெருவை உண்டாக்கியவர்களும் தென்தமிழ்நாட்டில் உண்டு. நாடார்களின் வரலாற்றை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். வியந்து கைதட்டவும் வேண்டாம், காழ்ப்போடு ஒதுக்கவும் வேண்டாம்.

பனையேறிகள் என்றும் தீட்டு என்றும் ஒதுக்கப்பட்ட சாதியிலிருந்து ஒரு பிரிவினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே வண்டி கட்டினார்கள். கருப்பட்டி, கருவாடு, புகையிலை, உப்பு. பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிந்து பாதைகளில் ஓரளவு அமைதி வந்த காலம் அது. அப்போதும் வழிப்பறி இருந்தது. எனவே வண்டிகள் தங்குவதற்குச் சுற்றுச்சுவர் வைத்த பேட்டைகளை அமைத்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர், சரக்குக்குக் காவல், மனிதனுக்குப் படுக்க இடம். பேட்டையைச் சுற்றிக் கடை வந்தது, கடையைச் சுற்றித் தெரு வந்தது. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி என்று ஆறு ஊர்களை அவர்கள் வரலாற்றில் சேர்த்துச் சொல்வது வழக்கம். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடியபோது, அந்தப் பாதையில் இருந்த விருதுபட்டி பருத்திக்கும் மிளகாய்க்கும் பெரிய சந்தையாக எழுந்தது. 1923இல் அது விருதுநகர் ஆனது.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? மகமையிலிருந்து. வாங்கும், விற்கும் சரக்கின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு வியாபாரியும் உறவின்முறைப் பொதுநிதிக்கு ஒரு சிறு தொகை கொடுத்தாக வேண்டும். அந்த நிதியில் கிணறு வெட்டினார்கள், பேட்டை கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், வழக்கு நடத்தினார்கள். விருதுநகரில் வீட்டுக்கு வீடு அன்றாடம் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துப் பள்ளிக்கூடம் வளர்த்தார்கள். காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி அதுதான்.

காசு சேர்ந்ததும் சாதி மண்டியிட்டதா? இல்லை. 1897இல் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் அரசர் தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு கடல் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908இல் அங்கேயும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு. இதற்கிடையில் 1899 ஜூன் மாதம் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கினார்கள், கொள்ளையடித்தார்கள், கொளுத்தினார்கள். கீழே இருக்க வேண்டியவன் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

எரிந்த சிவகாசி மீண்டும் எழுந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகான கதை நாடறிந்தது.

இப்போது என் கேள்வி. அதே கரிசல் பூமி. அதே வறட்சி. அதே தீண்டாமையின் சற்று வேறான அளவு. பள்ளரும் பறையரும் சக்கிலியரும் ஏன் ஒரு பேட்டை கட்ட முடியவில்லை? "உங்க ஆளுகளுக்கு ஒத்துமை பத்தாது, சிக்கனம் பத்தாது" என்று கடைத்தெருவில் நமக்கு உபதேசம் செய்கிறார்களே, அது உண்மையா?

பொய். கருப்பட்டியைச் சாதி இந்து வாங்கித் தின்றான். இறக்கியவனைக் கோயிலுக்குள் விடாதவன் அவன் இறக்கியதை வீட்டுக்குள் விட்டான். நாம் விளைவித்த நெல்லையும் தின்றான்தான். ஆனால் அந்த நெல் நம் கையில் சரக்காக என்றும் இருந்ததில்லை. களத்துமேட்டிலேயே அது அவனுடையது. நமக்குக் கூலியாக வந்தது அளந்துபோட்ட சில மரக்கால். விற்பதற்குச் சரக்கு இல்லாதவன் எதன்மீது மகமை வைப்பான்? பண்ணையை விட்டு நகரமுடியாதவன் எந்த ஊருக்கு வண்டி கட்டுவான்?

நகர முடிந்தபோது நம்மவர் வியாபாரம் செய்தார்கள் என்பதற்கும் சாட்சி உண்டு. ரங்கூனுக்குப் போய்ப் பெருவணிகராக உயர்ந்த பெ.மா. மதுரைப் பிள்ளை நம்மவர்தான். கடல் தாண்டிய இடத்தில் வாங்குகிறவன், "நீ எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்குத் தெருவே ஒரு போராட்டமாக இருந்தது. 1912இல் திருவிதாங்கூரின் நெடுமங்காடு சந்தைக்குள் அய்யன்காளி தம் மக்களோடு நுழைந்தபோது கலவரம் நடந்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் என்ன கேட்டது? பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றை, பொது இடத்தைப் பயன்படுத்தவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பதைத்தான். அருகிலிருந்த ஒரு சாதி வங்கி தொடங்கிய காலத்தில் நாம் தெருவில் நடக்கத் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தோம்! நடக்கவே அனுமதியில்லாத தெருவில் கடை எப்படி வைப்பது?

1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் தலைமையில் நுழைந்தவர்களில் கக்கன் உள்ளிட்ட தலித்துகளும் இருந்தார்கள், விருதுநகரைச் சேர்ந்த நாடார் ஒருவரும் இருந்தார். ஒரே வாசல், ஒரே நாள். கும்பிட்டு முடித்து அவர் கடைத்தெருவுக்குத் திரும்பினார். நம்மவர்கள் சேரிக்குத் திரும்பினார்கள். கோயில் கதவு திறந்ததால் கடைக் கதவு திறந்துவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எதிரிக்குப் பயந்து எழுப்பிய பேட்டைச் சுவர், எதிரி ஓய்ந்த பிறகும் இடிக்கப்படவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் உண்டாக்கிய தெருவில், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவனுக்குக் கடை கிடைப்பதில்லை. தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கவும் மூட்டை தூக்கவும் நாம் வேண்டும், கல்லாவில் உட்கார வேண்டாம். இது ஒரு சாதியின் குணம் அல்ல. படிக்கட்டாக அடுக்கப்பட்ட சமூகத்தில் ஏறுகிறவன் ஒவ்வொருவனும் தனக்குக் கீழே உள்ள படியை உறுதிப்படுத்திவிட்டுத்தான் ஏறுகிறான். அண்ணல் அம்பேத்கர் காட்டித்தந்த படிநிலைச் சமத்துவமின்மை நம் ஊர்க் கடைத்தெருவில் நியான் விளக்குப் போட்டு எரிகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். 1974இல் தாட்கோ வந்தது. 2016இல் ஸ்டாண்ட் அப் இந்தியா வந்தது. தமிழக அரசு 2023இல் அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் முன்னோடிகள் திட்டத்தை அறிவித்தது. முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், 6 விழுக்காடு வட்டிச் சலுகை. வரவேற்போம், விடாமல் பயன்படுத்துவோம். ஆனால் 2005ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? நாட்டு மக்களில் நாம் 16 விழுக்காடு. நமக்குச் சொந்தமான தொழில் நிறுவனங்கள் 9.8 விழுக்காடு. அந்த 9.8க்குள்ளும் பஞ்சர் கடை எத்தனை, மெஸ் எத்தனை? கடன் பணத்தைத் தரும். தெருவைத் தராது, வாடிக்கையாளரைத் தராது.

ஆக, புதிய வளாகம் வருகிறது என்றால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, ஊருக்கு எந்தப் புதிய தொழில் வரும் என்பதல்ல. சாவி யார் கையில் போகும் என்பதுதான். எங்கள் ஊரில் நகராட்சிக் கடைகள் ஏலத்துக்கு வரும்போது நடப்பதை எல்லோரும் அறிவார்கள். முதல் நாள் இரவே பேசி முடித்துவிடுகிறார்கள். ஏலத்தில் போட்டியே இராது. எடுத்தவன் இரண்டு மடங்குக்கு உள்வாடகை விடுகிறான். நகராட்சி இடம் என்பது நம் வரிப்பணமும் சேர்ந்த பொது இடம். 1924இல் நாம் நடக்கக் கேட்ட பொதுத் தெருவின் தொடர்ச்சி அது. அந்த இடத்தில் நமக்குப் பங்கு கேட்பது சலுகை கேட்பதாகாது.

அதே சமயம் மகமையை நாமும் கற்க வேண்டும். நம்மிடம் இன்று சரக்கு இல்லாவிட்டாலும் சம்பளம் இருக்கிறது. ஆசிரியர்கள் இருக்கிறார்கள், காவலர்கள் இருக்கிறார்கள், துப்புரவுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஊரைத் தாண்டிப் போய்த் தெருவை மறந்துவிட்ட அதிகாரிகளும் இருக்கிறார்கள். அவர்களிடமும் போய் நிற்போம்.

எங்கள் தெருவில் தொடங்கிவிட்டோம். முப்பத்தெட்டு வீடு, மாதம் நூறு ரூபாய். நோட்டு என் தங்கச்சியிடம் இருக்கிறது. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று மாதக் கடைசியில் தேவாலயத் திண்ணையில் சத்தம் போட்டுப் படிக்கிறாள். ஏலத்துக்கு முன்வைப்புத் தொகை கட்ட இன்னும் பாதி வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பழைய கடைகளை எடுத்தவர்கள் பட்டியல் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். ஏல நாளில் அவள் மட்டும் போகப்போவதில்லை, தெருவே போகும்.

"கடை கிடைச்சாலும் சாப்பிட வருவாங்களாண்ணே?" என்று போன வாரம் கேட்டாள்.

வரமாட்டார்கள் என்று வைத்துக்கொள். முப்பத்தெட்டு வீட்டுக்காரரும் வருவோம். பேருந்து நிலையத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவன் வருவான், அவனுக்கு நம் தெரு தெரியாது. உன் சாம்பாரின் வாசனை பக்கத்துக் கடை வரைக்கும் போகும். அதுக்கு ஏலம் கிடையாது. நீ பலகையை எழுது. உன் அப்பா பேரைப் பெரிய எழுத்தில் போடு. டீயும் உண்டு என்று கீழே எழுது.