ஜீவகாந்தமும் காந்த ஊசியும்

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறேன். மின்சாரம் ஓடும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதை 1820இல் எர்ஸ்டெட் கண்டார். 1831இல் ஃபாரடே காந்தத்தை நகர்த்தி மின்சாரம் எடுத்தார். மனவளக்கலை மன்றத்துக்குப் போகும் பெற்றோர் கேட்பார்கள்: "சார், ஜீவகாந்தமும் இதுதானே?"

கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958இல் உலக சமுதாய சேவா சங்கம் தொடங்கியவர்; உயிராற்றலை ஜீவகாந்தம் என்ற பெயரால் விளக்கினார். மனவளக்கலை என்று அவர் கற்றுத்தந்த தியானம் எனக்குத் தெரிந்த வீடுகளில் கோபத்தைத் தணித்திருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் இயற்பியல் உடலில் அளக்கும் காந்தம் வேறு: 1963இல் அமெரிக்காவில், ஃபாரடே வழியிலேயே, 20 லட்சம் சுற்றுள்ள கம்பிச்சுருள்களை வைத்துத்தான் இதயத்தின் காந்தப்புலத்தை அளக்க முடிந்தது. பூமியின் புலத்தில் அது பல லட்சத்தில் ஒரு பங்கு. காந்த ஊசியைக்கூட அசைக்காது. தியானம் செய்யுங்கள். ஜீவகாந்தத்தை இயற்பியல் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்.