2147483647: பயனற்றதெனக் கருதப்பட்ட ஓர் எண்ணின் வரலாறு



ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 100க்கு உட்பட்ட பகா எண்களைக் கற்கின்றனர். 97 பகா எண்ணா என அறிய 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். அடுத்த பகா எண்ணான 11இன் வர்க்கம் 121. அது 97ஐத் தாண்டிவிடுகிறது. இந்த எளிய வழி ஒரு பெரிய எண்ணுக்கும் பொருந்தியதன் வரலாறே இக்கட்டுரை.

31 இரண்டுகளைத் தம்முள் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 2147483647. இம்முறையில் அமையும் எண்கள் யாவும் பகா எண்கள் ஆகா. 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2047ஐ 23 × 89 எனப் பிரித்துவிடலாம். பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் 31, 67 ஆகிய இரண்டும் இருந்தன. 67 தவறென்று பின்னர் உறுதியானது. 31 சரிதானா?

விடை கண்டவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவர் ருசியாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்தார். பார்வையை ஏறக்குறைய முழுமையாக இழந்திருந்தார். இவ்வெண்ணைச் சோதிக்க 46,340 வரையுள்ள ஏறத்தாழ 4,800 பகா எண்களால் வகுக்க வேண்டும். ஆயினும், இதற்குப் பகாக் காரணி இருப்பின், அக்காரணியை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, 84 பகா எண்களைச் சோதித்தாலே போதுமானதாயிற்று. எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. இம்முடிவை 1772இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்தார்.

இவ்வெண்ணைக் கொண்டு 19 இலக்கங்களுள்ள ஒரு நிறைவெண் அமைகிறது. ஆங்கிலேயக் கணிதர் பார்லோ 1811இல் வெளியிட்ட தம் நூலில், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் தேட முற்படமாட்டார் என்று கருதினார். அவை வியப்புக்குரியனவே அன்றிப் பயனுடையன அல்ல என்பது அவர் கூறிய காரணம்.

அக்கருத்து நிலைக்கவில்லை. 1876இல் லூக்கா 39 இலக்கப் பகா எண்ணைக் கண்டறிந்தார். அதிலிருந்தும் ஒரு நிறைவெண் பிறந்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட பகா எண்ணோ 41,024,320 இலக்கங்களைக் கொண்டது.

ஆய்லரின் எண்ணுக்கும் பயன் பிறந்தது. 1988இல் பார்க், மில்லர் ஆகிய இருவர், கணினியில் சமவாய்ப்பு எண்களை உருவாக்க எளிய முறையொன்றைப் பரிந்துரைத்தனர். ஓர் எண்ணை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ள வேண்டும். வகுக்கும் எண் பகா எண்ணாதலால் மீதி ஒருபோதும் சுழியம் ஆகாது. 1 முதல் 2147483646 வரையுள்ள எண்கள் யாவும் ஒருமுறை வந்த பின்னரே வரிசை மீளும்.

ஆய்லரின் கணக்கிற்குப் பயன் தோன்ற இருநூறு ஆண்டுகள் சென்றன. "இது தேர்வில் வருமா?" என்று பிள்ளைகளிடம் கேட்கும் முன் இதனை நினைவிற்கொள்வோம். 97க்கு ஏன் நான்கு வகுத்தல்கள் போதும் என்று வினவும் மாணவர், ஆய்லர் நடந்த வழியில்தான் நிற்கிறார். அவ்வினாவிற்கு வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்குவோம்.