பவானிபூரின் இரண்டு கெடுக்கள்: ஆறு மாத விதியும் இடைத்தேர்தல் சட்டமும் கடந்து வந்த பாதை

முன்னுரை

காளிகாட் கோயிலுக்கும் எல்ஜின் சாலையில் உள்ள நேதாஜி பவனுக்கும் இடைப்பட்ட தென் கொல்கத்தாவின் பழைய குடியிருப்புப் பகுதி பவானிபூர். வங்காளிகளோடு குஜராத்திகளும் மார்வாடிகளும் சீக்கியர்களும் உருது பேசும் முஸ்லிம்களும் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றனர். தமிழர்கள் குடியேறிய லேக் மார்க்கெட் பகுதியும் அதிகத் தொலைவில் இல்லை. மாநகராட்சியின் எட்டு வார்டுகளைக் கொண்ட இந்தச் சட்டமன்றத் தொகுதி, பத்தே ஆண்டுகளில் இரண்டு முறை ஒரு முதலமைச்சரை இடைத்தேர்தல் வழியாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது.

சட்டமன்ற உறுப்பினர் அல்லாத ஒருவர் அமைச்சராகலாம். ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும். அரசமைப்பின் 164(4) உறுப்பு கூறுவது இது. காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151-ஏ பிரிவு. இரண்டிலும் கெடு ஆறு மாதமே. முதற்கெடு அமைச்சர் பதவியேற்ற நாளில் தொடங்குகிறது; இரண்டாவது, இடம் காலியான நாளில் தொடங்குகிறது. இவ்விரண்டும் எப்படித் தோன்றின, எங்கே மோதுகின்றன, மோதும்போது எது வெல்கிறது என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது இக்கட்டுரை.

ஆறு மாத விதியின் வேர்

ஆறு மாதச் சலுகை குடியரசோடு பிறந்ததன்று. மாகாணங்களில் இரட்டையாட்சியைக் கொண்டுவந்த 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலேயே அது இருந்தது. மாகாணச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினராக இல்லாத அமைச்சர், ஆறு மாதத்துக்கு மேல் பதவியில் நீடிக்க முடியாது என்று அச்சட்டம் விதித்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் இதே விதியை 51ஆம் பிரிவில் எடுத்தாண்டபோது ஒரு சொல்லை விட்டுவிட்டது. 'தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்' என்றிருந்தது, வெறும் 'உறுப்பினர்' ஆயிற்று. மேலவை நியமன உறுப்பினரும் அமைச்சராக நீடிப்பதற்கு அந்த ஒரு சொல்லின் நீக்கம் வழி திறந்தது. 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு 1935ஆம் ஆண்டின் வடிவத்தையே ஏற்றது.

அரசமைப்பு நிர்ணய சபையில் இவ்விதி எதிர்ப்பின்றி நிறைவேறிவிடவில்லை. நியமிக்கப்படும்போதே அமைச்சர் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினராக இருக்க வேண்டும் என்று முகமது தாஹிர் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் 1948 டிசம்பர் 31 அன்று அதற்கு விடையளித்தார். தகுதி வாய்ந்த ஒருவர் ஏதோ ஒரு காரணத்தால் தம் தொகுதி மக்களின் சினத்துக்கு ஆளாகித் தோற்றிருக்கலாம். அதனாலேயே அவரை அமைச்சரவைக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை. அதே தொகுதியிலோ வேறொன்றிலோ அவர் வெற்றி பெற்று வர வாய்ப்புண்டு. இந்தச் சலுகைக்கு ஆறு மாதம் என்ற எல்லையும் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு தொகுதியில் தோற்று, முதலமைச்சராகி, வேறொரு தொகுதியில் மக்கள் முன் நிற்பது என்ற 2021ஆம் ஆண்டின் காட்சியை 1948ஆம் ஆண்டின் அந்த விடை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தது.

தமிழகம் காட்டிய மூன்று வழிகள்

இவ்விதி நடைமுறையில் எடுத்த வடிவங்களைத் தமிழக வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. 1952இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரான ராஜாஜி பொதுத்தேர்தலில் போட்டியிடவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். அதை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார், மனு தள்ளுபடியானது. 1935இல் உதிர்ந்த ஒரு சொல்லின் விளைவு 17 ஆண்டுகள் கழித்து இப்படி வெளிப்பட்டது.

1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் அப்போது மக்களவை உறுப்பினர். மேலவையின் கதவு அவருக்கும் திறந்தே இருந்தது. அவரோ குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். வாக்காளரிடம் நேரே செல்லும் மரபுக்கு அது வலுவான முன்மாதிரி.

மூன்றாவது நிகழ்வு விதியின் எல்லையை வரைந்தது. 2001இல், வழக்கில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் நான்கு தொகுதிகளில் தள்ளுபடியாயின. ஆயினும் பெரும்பான்மை பெற்ற கட்சியின் தலைவர் என்ற நிலையில் மே 14 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றார். தேர்தலில் நிற்கும் தகுதியையே இழந்தவருக்கு ஆறு மாதச் சலுகை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2001 செப்டம்பர் 21 அன்று கூறியது. தண்டனை மேல்முறையீட்டில் நீங்கிய பின், தங்க தமிழ்ச்செல்வன் விட்டுக்கொடுத்த ஆண்டிபட்டியில் 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் வென்று அவர் மீண்டும் முதலமைச்சரானார்.

அதே 2001 ஆகஸ்டில் பஞ்சாப் வழக்கு ஒன்றில் மற்றோர் ஓட்டையும் அடைபட்டது. ஆறு மாதம் முடியுமுன் பதவி விலகி, தேர்தலைச் சந்திக்காமலேயே அதே சட்டமன்றக் காலத்தில் மீண்டும் அமைச்சராவது அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களின் தீர்ப்புக்குக் காத்திருப்பதற்கான அவகாசம் இது. அதைப் புதுப்பித்துக்கொண்டே போக முடியாது என்பது நிலைபெற்றது.

மக்களின் தீர்ப்பு எப்போதும் பதவியிலிருப்பவருக்குச் சாதகமாக அமைந்ததும் இல்லை. உத்தரப் பிரதேச முதலமைச்சர் டி.என். சிங் 1971இல் மணிராம் இடைத்தேர்தலிலும், ஜார்க்கண்ட் முதலமைச்சர் சிபு சோரன் 2009இல் தமார் இடைத்தேர்தலிலும் தோற்றுப் பதவி இழந்தனர்.

இரண்டாவது கெடு: 1996

அமைச்சருக்கு 1950 முதல் கெடு இருந்தது. காலி இடத்தின் வாக்காளருக்கு அது கிடைக்க மேலும் 46 ஆண்டுகள் ஆயின. இடைத்தேர்தல் நடத்தச் சட்டம் சொன்னது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. தேர்தல் சீர்திருத்தம் குறித்து ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990இல் ஆறு மாத வரம்பைப் பரிந்துரைத்தது. 1996 ஆகஸ்ட் 1 முதல் 151-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் அதே திருத்தத்தில் வந்தது. அன்றைய பிரதமர் தேவகவுடாவே நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாமல் பதவியேற்று, அவ்வாண்டு செப்டம்பரில் மாநிலங்களவைக்குச் சென்றவர்.

புதிய பிரிவில் இரண்டு விலக்குகள் வைக்கப்பட்டன. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவென்றால் தேர்தல் கட்டாயமில்லை. ஆறு மாதத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசுடன் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் கட்டாயமில்லை. 164(4) உறுப்புக்கும் இப்பிரிவுக்கும் இடையே எந்த இணைப்பும் எழுதப்படவில்லை. அமைச்சர் ஒருவரின் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது இடைத்தேர்தல் தேதியை எப்படி முடிவுசெய்வது என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடையே இல்லை.

2011: சிக்கல் தெரியாத முதல் முறை

மக்களவை உறுப்பினராக இருந்த மம்தா பானர்ஜி 2011 மே 20 அன்று மேற்கு வங்க முதலமைச்சரானார். 2008 தொகுதி மறுவரையறையில் மீண்டும் உருவான பவானிபூரில் வென்றிருந்த சுப்ரதா பக்ஷி இடத்தைக் காலி செய்தார். செப்டம்பர் 25 இடைத்தேர்தலில் மம்தா 54,213 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவர் விட்ட தென் கொல்கத்தா மக்களவைத் தொகுதிக்குப் பக்ஷி பின்னர் தேர்வானார். கெடு முடிய ஏறத்தாழ இரண்டு மாதம் மிச்சமிருந்ததால் சட்டத்தின் இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை.

2021: இடைவெளி வெளிப்பட்ட முறை

2021இல் மம்தா நந்திகிராமில் சுவேந்து அதிகாரியிடம் 1,956 வாக்குகளில் தோற்றார். அவருடைய கட்சி மாநிலத்தில் வென்றது. மே 5 அன்று பதவியேற்றார். பவானிபூரில் வென்றிருந்த சோபன்தேப் சட்டோபாத்யாய் மே 21 அன்று விலகினார். முதலமைச்சரின் கெடு நவம்பர் முதல் வாரத்தில் முடியும். பவானிபூர் இடத்தின் கெடு அதே மாதம் 20ஆம் தேதியை ஒட்டி முடியும். இடைப்பட்ட இரண்டு வாரத்தில் ஆணையம் தேர்தலை நடத்தியிருந்தால் 151-ஏ பிரிவு முழுமையாக நிறைவேறியிருக்கும். முதலமைச்சரோ பதவியில் இருந்திருக்க மாட்டார்.

கொரோனா இரண்டாம் அலையால் அப்போது நாடெங்கும் இடைத்தேர்தல்கள் நின்றிருந்தன. ஜூலை 2 அன்று உத்தராகண்ட் முதலமைச்சர் தீரத் சிங் ராவத் பதவி விலகினார். அங்கே சட்டமன்றத்தின் எஞ்சிய காலம் ஓராண்டுக்கும் குறைவு. இடைத்தேர்தல் நடக்குமா என்பதே ஐயமாக இருந்தது. ஓராண்டுக்கு முன் மகாராஷ்டிர முதலமைச்சர் உத்தவ் தாக்கரே இதே நெருக்கடியில் சிக்கியபோது மேலவைத் தேர்தல் அவரைக் காத்தது. மேற்கு வங்கத்துக்கு அந்த வழி கிடையாது. 1952இல் அமைந்த அதன் மேலவையை ஐக்கிய முன்னணி அரசு 1969இல் கலைக்கச் செய்தது.

இந்தச் சூழலில் 2021 ஜூலை 6 அன்று மேலவையை மீட்டெடுக்கும் தீர்மானம் 196 வாக்குகளின் ஆதரவோடும் 69 வாக்குகளின் எதிர்ப்போடும் மேற்கு வங்கச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தேர்தலில் வாய்ப்புப் பெறாத மூத்தவர்களுக்கு இடமளிப்பதாக ஆளுங்கட்சி முன்பே அறிவித்திருந்தது. 169ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் மேலவை அமையும். தமிழகத்தில் 1986இல் கலைந்த மேலவையை மீட்க 2010இல் நாடாளுமன்றச் சட்டமே வந்தும் மேலவை மீண்டும் அமையவில்லை என்பதை நாம் அறிவோம். ஆகவே பவானிபூர் வாக்காளரைத் தவிர முதலமைச்சருக்கு வேறு வழி இல்லை.

செப்டம்பர் 4 அன்று ஆணையத்தின் அறிவிப்பு வெளிவந்தது. காலியாக இருந்த மற்ற 31 சட்டமன்றத் தொகுதிகளிலும் 3 மக்களவைத் தொகுதிகளிலும் இடைத்தேர்தல் அப்போதைக்கு இல்லை. பவானிபூரில் மட்டும் செப்டம்பர் 30 அன்று உண்டு. இடைத்தேர்தல் நடக்காவிட்டால் அரசமைப்பு நெருக்கடி ஏற்படும் என்று மாநிலத் தலைமைச் செயலாளர் எழுதியதும், அரசமைப்புத் தேவையும், மாநிலத்தின் சிறப்புக் கோரிக்கையுமே காரணங்களாகக் காட்டப்பட்டன.

அந்த அறிவிப்பை எதிர்த்த பொதுநல மனுவில் செப்டம்பர் 28 அன்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலில் தலையிட மறுத்த அமர்வு, அரசு ஊழியரான தலைமைச் செயலாளர் ஒருவரின் வெற்றிக்கு வழிசெய்வதுபோல் எழுதியதைக் கண்டித்தது. வென்றவர் விலகி வேறொருவருக்கு வழிவிடும்போது, செலவை மக்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியையும் எழுப்பியது. இரண்டு நாள் கழித்து வாக்குப்பதிவு நடந்தது. மம்தா 85,263 வாக்குகள் பெற்று, பாரதிய ஜனதா கட்சியின் பிரியங்கா திப்ரேவாலை 58,835 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

முந்தியது எது?

மேற்கு வங்கத்தின் மற்ற காலி இடங்களோடு ஒப்பிட்டால் பவானிபூரின் முழுப் பொருள் விளங்குகிறது. கர்தஹாவில் வென்ற வேட்பாளர் வாக்கு எண்ணிக்கைக்கு முன்பே கொரோனாவால் இறந்துவிட்டார். முடிவு வந்த மே 2 முதலே அங்கே உறுப்பினர் இல்லை. தின்ஹாட்டாவும் சாந்திபூரும் பவானிபூருக்கு முன்பே காலியானவை. அம்மூன்று தொகுதிகளும் வாக்களித்தது அக்டோபர் 30 அன்று. பிந்திக் காலியான பவானிபூரோ ஒரு மாதம் முந்தி வாக்களித்தது. எல்லாம் ஆறு மாத வரம்புக்குள்ளேயே நடந்தன. ஆனாலும் வரிசையைத் தீர்மானித்தது அமைச்சரின் கெடு. வாக்காளரின் கெடு அதற்குப் பின்னால் நின்றது.

பிந்தைய நிகழ்வுகளும் இதையே காட்டுகின்றன. 2023 மார்ச்சில் காலியான புணே மக்களவை இடத்துக்குத் தேர்தல் நடத்தும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இடம் பொதுத்தேர்தல் வரை காலியாகவே கிடந்தது. 2024இல் ஓராண்டுக்கும் குறைவான காலமே எஞ்சியிருந்த அகோலா மேற்குத் தொகுதியின் இடைத்தேர்தலை அதே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு ரத்து செய்தது. அதே ஆண்டு, அதே போலக் குறைந்த காலமே எஞ்சியிருந்த கர்னாலில் இடைத்தேர்தல் நடந்தது; ஹரியாணா முதலமைச்சர் நாயப் சிங் சைனி அங்கே வென்றார். அதை எதிர்த்த மனுவைப் பஞ்சாப் ஹரியாணா உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. ஒரே சட்ட வாசகத்துக்கு இரண்டு மாநிலங்களில் இரண்டு விளைவுகள்.

முன்மொழிவுகளும் மதிப்பீடும்

இடைத்தேர்தல்களைக் குறைப்பதற்கான யோசனைகள் பல வந்துள்ளன. இரண்டு தொகுதிகளில் நிற்பதைத் தடுக்க வேண்டும். இல்லையேல் இடைத்தேர்தலுக்குக் காரணமானவர் சட்டமன்றத் தொகுதிக்கு 5 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2004இல் முன்மொழிந்தது. ஒரு தொகுதிக்கு மேல் கூடாது என்ற கருத்தைச் சட்ட ஆணையத்தின் 255ஆம் அறிக்கையும் 2015இல் ஆதரித்தது. இது நாடாளுமன்றம் முடிவுசெய்ய வேண்டிய கொள்கை என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

இவை செலவைப் பற்றியும் இரட்டைப் போட்டியைப் பற்றியும் பேசுகின்றன. பவானிபூர் வெளிப்படுத்திய சிக்கல் வேறு. அங்கே வென்றவர் ஒரே தொகுதியில்தான் நின்றார். கட்டணம் விதித்திருந்தால் வசதியுள்ள கட்சி எளிதில் கட்டிவிடும். உண்மையான குறை, இரண்டு கெடுக்களுக்கும் இடையிலான வெற்றிடம். அதைச் சட்டம் நிரப்பாததால் ஓர் அதிகாரியின் கடிதம் நிரப்பியது. கடிதத்தை ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் விருப்பம் என்றால், ஒரு முதலமைச்சரின் பதவி அந்த விருப்பத்தில் தொங்குகிறது. ஆணையத்தின் நடுநிலைமைக்கும் அது நல்லதன்று. மக்கள் தேர்ந்த அரசுக்கும் நல்லதன்று.

151-ஏ பிரிவில் நான்கு திருத்தங்கள் வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவு. இடம் காலியான குறிப்பிட்ட நாள்களுக்குள் தேர்தல் அட்டவணை வெளியாக வேண்டும். காலியான வரிசையே தேர்தலின் வரிசையாக வேண்டும். ஒத்திவைத்தால், தொகுதி வாரியாகக் காரணத்தை எழுதி வெளியிடுவது கட்டாயமாக வேண்டும். 164(4) உறுப்பின் கெடு ஓடும் தொகுதிக்கு முன்னுரிமை உண்டா இல்லையா என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும். உண்டென்றால், அதே மாநிலத்தில் முந்திக் காலியான தொகுதிகளும் அதே நாளில் வாக்களிக்க வேண்டும்.

1948இல் அம்பேத்கர் காத்த ஆறு மாதம், மக்களிடம் திரும்பிச் செல்வதற்காக ஒருவருக்குக் கொடுத்த தவணை. அந்தத் தவணையின் உரிமையாளர் வாக்காளர். 2021 செப்டம்பர் 30 அன்று பவானிபூர் வாக்காளர் தம் உரிமையைப் பயன்படுத்தினார். பவானிபூரை விட்டுக்கொடுத்த சோபன்தேப் சட்டோபாத்யாய் அடுத்த மாதம் கர்தஹாவில் நின்று வென்றார். மே மாதம் முதல் உறுப்பினரின்றிக் காத்திருந்த கர்தஹா மக்கள் பவானிபூர் மக்களோடு ஒரே நாளில் வாக்குச்சாவடிக்குச் செல்லும் சட்டம் அமையும்போதுதான் இரண்டு கெடுக்களும் ஒன்றாகும்.