பால்சா மாதிரி விமானம்
பால்சா மரத்துண்டுகள் அடங்கிய கிட்டிலிருந்து கட்டி, தரையிலிருந்து ரேடியோ அலைகளால் ஓட்டப்படும் சிறு விமானம். இம்மரம் பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. எடை கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோதான். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும்.

வேலை வரைபடத்தின் மேலேயே நடக்கும். வரைபடத்தைப் பலகையில் விரித்து, பசை ஒட்டாதிருக்க மெழுகுத்தாள் போட்டு, இறக்கையின் நெடுக்குச் சட்டத்தைக் குண்டூசிகளால் நிறுத்தி, விலாத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். பலகை கோணலாக இருந்தால் இறக்கையும் முறுக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட விமானம் ஒரு பக்கமாகவே சாயும். உப்புத்தாளால் தேய்த்தபின் போர்த்தும் பிளாஸ்டிக் படலம் இஸ்திரிச் சூட்டில் சுருங்கி விறைக்கும். சுக்கான்களை அசைக்கும் சர்வோ, ரேடியோ சமிக்ஞையைப் பெறும் ரிசீவர், பேட்டரி ஆகியவற்றைப் பொருத்துவது பெரிய வேலையல்ல. ஈர்ப்பு மையம்தான் உயிர்நாடி: முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையே அது அமைய வேண்டும். அதைவிடப் பின்னால் போனால் விமானம் கைக்கு அடங்காது.

இதை வெறும் பொம்மை என்று ஒதுக்குவது சரியல்ல. 2003 ஆகஸ்டில் அமெரிக்கரான மேனார்ட் ஹில்லின் டாம்-5 என்ற மாதிரி விமானம் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 39 மணி நேரம் பறந்து அயர்லாந்தில் இறங்கியது. பால்சா உடல் கொண்ட அதன் எடை எரிபொருளோடு சேர்த்தே 5 கிலோவுக்குக் குறைவு. நடுக்கடலில் ஓட்டியது ஜிபிஎஸ் சார்ந்த தானியங்கிக் கருவி. கிளப்பவும் இறக்கவும் மட்டுமே மனிதக் கை தேவைப்பட்டது.