லொறி ஓட்டத் தெரியுமா என்று கேட்காத காலம்

"லைசன்ஸ் எடுத்தாச்சு அண்ணா. ஆனால் எங்க போனாலும் இரண்டு வருச அனுபவம் கேக்கிறாங்கள்." லாச்சப்பலில் இந்தக் கதையைக் கேட்காத ஆள் குறைவு. பிரான்சில் சம்பளத்துக்குப் பாரவூர்தி ஓட்ட சி பிரிவு லைசன்ஸ் மட்டும் போதாது. குறைந்தது 140 மணி நேரத் தொழிற்பயிற்சியும் வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இன்னும் 35 மணி நேரம். இவ்வளவும் முடித்த பிறகும் முதல் வேலை தூரத்தில்தான் நிற்கும்.

ஆனால் இதே நாட்டில் அனுபவம் இல்லாதவர்களையும் கூப்பிட்டு ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்த ஒரு காலம் இருந்தது. அந்தக் கதையின் ஒரு நுனி எங்கள் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

லாச்சப்பலில் இருந்து பார்பெஸ் பக்கம் 2ஆம் இலக்க மெத்ரோவில் போனால் கீழே கார் து நோர் தண்டவாளங்கள் விரிந்து கிடக்கும். அவை வடக்கே லா சப்பல் சரக்கு நிலையத்துக்குப் போயின. 1944 ஏப்ரல் 20 இரவு பிரித்தானிய விமானங்கள் அந்த நிலையத்தைக் குண்டுவீசித் தகர்த்தன. யேர்மன் படைகளுக்கு ரயிலில் எதுவும் போய்ச் சேரக்கூடாது என்பதே நோக்கம். சுற்றியிருந்த வீடுகளிலும் குண்டுகள் விழுந்தன. 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பிரான்ஸ் முழுவதும் ரயில் பாதைகளை இப்படித்தான் உடைத்தார்கள். ஜூனில் நோர்மண்டியில் இறங்கிய நேச நாட்டுப் படைகள் ஓகஸ்டில் வேகமாகக் கிழக்கே ஓடத் தொடங்கியதும் அந்த உடைந்த பாதைகள் அவர்களுக்கே வினையாகின. பெற்றோலும் குண்டுகளும் சாப்பாடும் கடற்கரையில் குவிந்து கிடந்தன. கொண்டுபோக லொறிதான் வழி.

ஓகஸ்ட் 25இல் 'ரெட் போல் எக்ஸ்பிரஸ்' தொடங்கியது. சரக்கு ஏற்றிய லொறிகளுக்கு ஒரு வீதி, வெறுமனே திரும்பும் லொறிகளுக்கு இன்னொரு வீதி. வேறு வாகனம் எதுவும் உள்ளே வரக்கூடாது. உச்சத்தில் கிட்டத்தட்ட 6,000 லொறிகள் ஓடின. ஒரே நாளில் 12,000 தொன்னுக்கு மேல் ஏற்றினார்கள். லொறி போதாமல், புதிதாக வந்திறங்கிய மூன்று காலாட்படைப் பிரிவுகளின் வாகனங்களையும் பிடுங்கினார்கள். சாரதியும் போதவில்லை. வேறு வேலைகளில் இருந்த படையினரை இழுத்து உட்கார வைத்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் பெரிய லொறி ஓட்டியதே இல்லை. வேக எல்லை மணிக்கு 25 மைல் என்று எழுதியிருந்தது. பலர் என்ஜினில் இருந்த வேகக் கட்டுப்படுத்தியையே கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள். (வேலைக்கான நேர்முகத்தில் இதைச் சொல்லிவிடாதீர்கள்!) நவம்பர் 16 வரை இது நடந்தது.

அந்தச் சாரதிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின அமெரிக்கர்கள். நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த அந்தப் படை, அவர்களில் பெரும்பாலானோரைப் போர்முனைக்கு அனுப்பாமல் சுமை ஏற்றி இறக்கவே வைத்திருந்தது.

எனக்கு உறைத்தது அதற்குப் பிந்திய பகுதிதான். போர் முடிந்தபோது அவர்களிடம் யாரும் கேட்கக்கூடிய அளவு அனுபவம் இருந்தது. ஆனால் நல்ல சம்பளம் தரும் நெடுந்தூர லொறி வேலை அமெரிக்காவில் பெரும்பாலும் வெள்ளையருக்கே போனது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில் கணக்கே இருக்கிறது. 1971இல் டி.ஐ.எம்.ஈ.-டி.சி. என்ற நிறுவனத்தில் 1,828 நெடுந்தூரச் சாரதிகள். அவர்களில் கறுப்பினத்தவர் 8 பேர். அந்த எட்டுப் பேரையும் வழக்குப் போட்ட பிறகுதான் எடுத்திருந்தார்கள்.

லாச்சப்பலுக்கு 1983க்குப் பிறகு வந்த எங்கள் ஆட்களிலும் ஊரில் லொறி ஓட்டியவர்கள் இருந்தார்கள். ஆரம்பத்தில் அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கு இங்கே வேலை செய்யும் உரிமை இருந்தது. 1991 செப்ரெம்பர் 26இல் வந்த ஒரு சுற்றறிக்கை அதை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அனுபவம் கேட்கிற கட்டத்துக்கே யாரும் போகவில்லை. பலருக்குக் கிடைத்தது உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை.

உங்கள் வீட்டில் ஊரில் சாரதியாக இருந்த பெரியப்பாவோ மாமாவோ இருந்தால், எந்த வீதியில் என்ன ஏற்றி ஓடினார், இங்கே வந்து முதலில் என்ன வேலை கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.