ராஜா செல்லையா

ராஜா யேசுதாஸ் செல்லையா (டிசம்பர் 12, 1922 – ஏப்ரல் 7, 2009) ஓர் இந்தியப் பொருளியலாளர் ஆவார். வரிக் கொள்கை, அரசு வரவு செலவுத் திட்டம், நடுவண் அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான நிதி உறவு ஆகியவை இவருடைய முதன்மையான ஆய்வுத் துறைகளாகும். 1991ஆம் ஆண்டு இந்திய அரசு அமைத்த வரிச் சீர்திருத்தக் குழுவுக்கு இவர் தலைமை தாங்கினார். இதனால் இந்திய வரிச் சீர்திருத்தத்தின் தந்தை என்று இவரைக் குறிப்பிடுவதுண்டு.

கல்வியும் தொடக்ககாலப் பணியும்

செல்லையா சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், ஐக்கிய அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். வளர்ச்சி குறைந்த நாடுகளின் நிதிக் கொள்கையைப் பற்றி இவர் எழுதிய நூல் 1960இல் வெளிவந்தது. பின்னர் பன்னாட்டு நாணய நிதியத்தின் நிதி விவகாரத் துறையில் பணியாற்றினார்.

வரித்திறனும் வரி முயற்சியும்

நாணய நிதியத்தில் இருந்தபோது வளரும் நாடுகளின் வரி முயற்சியை அளவிடும் ஆய்வுகளில் செல்லையா ஈடுபட்டார். நாட்டு வருமானத்தில் வரி வருவாயின் பங்கு வரி விகிதம் எனப்படும். இதை மட்டும் கொண்டு இரு நாடுகளை ஒப்பிட இயலாது. சுரங்கத் தொழிலும் வெளிநாட்டு வணிகமும் மிகுந்த நாட்டில் வரி திரட்டுவது எளிது. சிறு உழவர் மிகுந்த நாட்டில் கடினம். எனவே, ஒரு நாட்டின் பொருளாதார அமைப்பைக் கொண்டு அது திரட்டக்கூடிய வரியை முதலில் மதிப்பிட்டு, உண்மையில் திரட்டிய வரியை அதனோடு ஒப்பிட வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள விகிதமே வரி முயற்சி ஆகும். 1971, 1975ஆம் ஆண்டுகளில் நாணய நிதியத்தின் ஆய்விதழில் வெளிவந்த இவருடைய கட்டுரைகள் இத்துறையில் அடிப்படையானவையாகக் கருதப்படுகின்றன.

இந்தியாவில் பணிகள்

1976இல் புது தில்லியில் தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபோது செல்லையா அதன் முதல் இயக்குநரானார். பின்னர்த் திட்டக் குழுவின் உறுப்பினராகவும், 1987இல் அமைக்கப்பட்ட ஒன்பதாவது நிதி ஆணையத்தின் உறுப்பினராகவும் பணியாற்றினார். ஒரு மாநிலத்தின் உண்மையான வரவு செலவை அப்படியே ஏற்காமல், அது திரட்டக்கூடிய வருவாயையும் அதற்குத் தேவையான செலவையும் பொது அளவுகோலால் மதிப்பிடும் முறையை அவ்வாணையம் கையாண்டது.

வரிச் சீர்திருத்தக் குழு

இந்தியாவில் வருமான வரியின் உச்ச விகிதம் 1973-74இல் மேல்வரி உட்பட 97.75 விழுக்காடாக இருந்தது. அதாவது, அவ்வரம்புக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 2 ரூபாய் 25 காசே ஈட்டியவரிடம் எஞ்சும். இத்தகைய விகிதங்கள் வரி ஏய்ப்பைத் தூண்டின. இவை படிப்படியாகக் குறைக்கப்பட்ட பின்னும், 1991-92இல் உச்ச விகிதம் 56 விழுக்காடாகவும், சுங்கத் தீர்வையின் உச்ச விகிதம் 150 விழுக்காடாகவும் இருந்தன. அவ்வாண்டில் நாடு கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியையும் நிதிப் பற்றாக்குறையையும் எதிர்கொண்டது.

இச்சூழலில் ஆகஸ்டு 1991இல் செல்லையா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் இறுதி அறிக்கையின் இரு பகுதிகள் 1992, 1993ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. மிதமான விகிதம், பரந்த வரித்தளம், எளிய சட்டம் என்பவை அதன் அடிப்படைக் கொள்கைகள். முக்கியப் பரிந்துரைகள் வருமாறு:

* வருமான வரி, நிறுமவரி விகிதங்களைக் குறைத்தல். சலுகைகளையும் விலக்குகளையும் சுருக்குதல்.
* சுங்கத் தீர்வையைப் படிப்படியாகக் குறைத்தல்.
* உற்பத்தித் தீர்வையை மதிப்புக் கூட்டு வரியாக மாற்றுதல். நூலுக்குச் செலுத்திய வரியைத் துணிக்கான வரியில் கழித்துக்கொள்ள இது வழி செய்யும். வரிமேல் வரி தவிர்க்கப்படும்.
* சேவைகளையும் வரி வரம்புக்குள் கொண்டுவருதல்.
* உழவர் அல்லாதோர் பெறும் வேளாண் வருமானத்திற்கு, குறிப்பிட்ட வரம்புக்கு மேல், வரி விதித்தல்.

நடைமுறையும் விளைவுகளும்

நிதியமைச்சர் மன்மோகன் சிங் 1992-93 வரவு செலவுத் திட்டத்தில் வருமான வரியை 20, 30, 40 விழுக்காடு என மூன்று படிகளாக மாற்றினார். சுங்கத் தீர்வையின் உச்ச விகிதம் 1995-96இல் 50 விழுக்காடாகக் குறைந்தது. 1994இல் தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு ஆகிய மூன்று சேவைகளுக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. வேளாண் வருமானம் பற்றிய பரிந்துரை ஏற்கப்படவில்லை. விலக்குகளும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை.

சுங்க, உற்பத்தித் தீர்வைகள் குறைந்ததால் நடுவண் அரசின் மொத்த வரி விகிதம் 1990களில் சரிந்தது. 1991-92இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்த அது, 2001-02இல் 8 விழுக்காட்டையொட்டி இருந்தது. இது சீர்திருத்தத்தின் மீதான முக்கியக் குறையாகச் சுட்டப்படுகிறது. மறுபுறம், 1990-91இல் நடுவண் வரி வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த நேரடி வரிகள், 2007-08இல் பாதியைத் தாண்டின. பொருள் வாங்கும் அனைவர் மீதும் விழும் மறைமுக வரியிலிருந்து, வருமானத்திற்கேற்ப விதிக்கப்படும் நேரடி வரியை நோக்கி வரிச்சுமை நகர்ந்ததை இது காட்டுகிறது.

இறுதிக் காலமும் சிறப்பும்

செல்லையா சென்னைப் பொருளியல் பள்ளியின் நிறுவனத் தலைவராவார். 2007இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கியது. 2009இல் தமது 86ஆம் வயதில் காலமானார். சரக்கு மற்றும் சேவை வரி சூலை 1, 2017 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பொருள்களுக்கும் சேவைகளுக்கும் தனித்தனியாக இருந்த பல மறைமுக வரிகள் ஒரே மதிப்புக் கூட்டு வரியாக இணைக்கப்பட்டன.