ரயில் வரும் முன்னே, படிக்கட்டு வரும் பின்னே

எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டியவர்கள் பயணியின் கால்வலியைப் பற்றி நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். 1908 ஜூன் 11ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த நிலையத்தில், பயணியைக் கொண்டுவந்து விடும் வண்டி நேரே நடைமேடைக்குள்ளேயே போகும்படி பாதை விட்டிருந்தார்கள். பெட்டி படுக்கையோடு வருகிறவர் இறங்கிய இடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் ரயில் பெட்டியின் வாசல் வந்துவிடும். ஹென்றி இர்வின் வரைந்து கொடுக்க, பெங்களூர் ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை கட்டி முடித்தார். செலவு 17 லட்சம் ரூபாய்.

அதே எழும்பூரின் வடகோடியில்தான் மின்சார ரயில் நிற்கிறது. முகப்பு வாசல் வழியாக வருகிறவர் அங்கே போகப் படி ஏறி, பாலத்தில் நடந்து, மறுபடியும் படி இறங்கவேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகிறவருக்கு ஒரு மரியாதை, தினமும் இரண்டு முறை வேலைக்குப் போய்வருகிறவருக்கு இன்னொரு மரியாதை. சென்னைப் புறநகர் ரயிலின் கதை நெடுகிலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. தண்டவாளத்துக்கும் மின்கம்பிக்கும் எப்படியாவது பணம் வந்துவிடும். படிக்கட்டு, கூரை, விளக்கு, கேமரா ஆகியவை யாராவது பிடித்து உலுக்கிய பிறகுதான் வரும்.

பீச் – தாம்பரம் மின்சார ரயிலுக்கான திட்டம் 1923இல் தொடங்கியது. மதராஸ் தென்மேற்காகப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. மாம்பலத்தில் நீளவாக்கில் கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயரில் ஒரு நகரையே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வீடு இங்கே, வேலை கோட்டைப் பக்கமும் துறைமுகப் பக்கமும் என்றானபோது இரண்டையும் இணைக்க ஒரு வண்டி தேவைப்பட்டது. 1931 ஏப்ரல் 2ஆம் தேதி ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி சேவையைத் தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். பம்பாயில் 1925இலேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது என்றாலும், மீட்டர் கேஜ் பாதையில் நாட்டிலேயே முதலில் ஓடியது இங்கேதான். 29 கிலோமீட்டர் தூரம், 1500 வோல்ட் நேர் மின்சாரம். நீராவி எஞ்சின் இழுத்த ரயில்களின் கரியைச் சட்டையில் சுமந்து ஆபீஸ் போனவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட சுகமாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

இந்தப் பாதையின் நிலையப் பெயர்களைப் படித்தாலே தொழில் வரலாறும் மருத்துவ வரலாறும் கிடைக்கும். குரோம் லெதர் தொழிற்சாலை இருந்ததால் குரோம்பேட்டை. 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை இருந்ததால் தாம்பரம் சானடோரியம். பீச் நிலையத்துக்கு மட்டும் பெயர்தான் மிச்சம். துறைமுகத்துக்காக நிலம் மேடாக்கப்பட்டதில் கடல் எப்போதோ தள்ளிப் போய்விட்டது.

கூட்டம் என்றால் மாம்பலம்தான். நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கினால் நேரே ரங்கநாதன் தெரு. சின்னக் குடியிருப்புத் தெருவாக இருந்தது, ரயிலில் வந்து இறங்குகிறவர்களை நம்பியே பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை என்று வளர்ந்து, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதத் தலைகளைத் தவிர எதுவும் தெரியாத இடமாகிவிட்டது. ரயில் வந்து நின்றதும் இறங்குகிற அத்தனை பேரும் ஒரே படிக்கட்டை நோக்கித் திரும்புவார்கள். பழகிய பயணிக்கு எந்தப் பெட்டி அந்தப் படிக்கட்டுக்கு நேராக நிற்கும் என்று தெரியும். ஆகவே அந்தப் பெட்டியில்தான் பீச்சிலேயே ஏறுவார். அவரைப் போலவே நானூறு பேர் நினைப்பதால், முன்னும் பின்னும் உள்ள பெட்டிகளில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம் என்ற நிலையிலும் நடுப்பெட்டி பிதுங்கும். நிலையத்தின் ஒரு படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பது ரயிலுக்குள் யார் மூச்சுத்திணறுகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. படி ஏறப் பொறுமை இல்லாதவர்கள் தண்டவாளத்தில் குதித்துக் குறுக்கே ஓடுவார்கள். ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஓடுகிறவர்களுக்கு அது தெரியாமல் இல்லை.

இந்த நெரிசலுக்கு ஒரு வடிகால் கிடைக்க 2023 மே மாதம் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. மாம்பலம் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை ஒன்று, லிஃப்ட், நகரும் படிக்கட்டு சகிதம் திறக்கப்பட்டது. ரங்கநாதன் தெருவில் கால் வைக்காமலே பஸ் பிடிக்கலாம். கட்டியது ரயில்வே அல்ல, மாநகராட்சி. நிலையத்தை விட்டு வெளியே வந்த பயணி யாருடைய பொறுப்பு என்ற பழைய இழுபறியில் இங்கே ஊர்தான் முன்வந்தது.

டிக்கெட் விஷயத்தில் முன்னேற்றம் ஓரளவு சீராகவே நடந்திருக்கிறது. கெட்டி அட்டையில் சின்னதாக அச்சடித்த டிக்கெட்டை எந்திரத்தில் செருகி ‘டக்’கென்று தேதி குத்திக் கொடுத்த காலம் ஒன்று. பிறகு கணினிச் சீட்டு வந்தது. கூப்பன் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நிலையத்து எந்திரத்தில் நாமே குத்திக்கொள்ளும் ஏற்பாடும் கொஞ்ச காலம் இருந்தது. மை தீர்ந்த எந்திரத்தின் முன்னால் ரயில் கிளம்புவதைப் பார்த்தபடி நின்றவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள். 2015 ஏப்ரலில் எழும்பூர் – தாம்பரம் இடையே செல்பேசியிலேயே காகிதமில்லா டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. கட்டடம் கட்ட வேண்டியதில்லை, நிலம் எடுக்க வேண்டியதில்லை, வசூலும் கூடும். இந்த வகை வசதி மட்டும் எப்போதும் சட்டென்று வந்துவிடுகிறது.

வடக்கேயும் மேற்கேயும் போகிற அகலப்பாதைகளில் கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்சார ரயில்கள் 1979இல் ஓடத் தொடங்கின. சென்ட்ரலின் பக்கத்தில் அவற்றுக்கென்று தனி நிலையம் அமைந்த கதை சோகமானது. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்து சாம்பலானது. பழைய புத்தகக் கடைகளும் கிராமபோன் தட்டுக் கடைகளும் இருந்த அந்த இடத்தில்தான் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. இன்றைக்கும் அறிவிப்புப் பலகையில் ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, மார்க்கெட் எங்கே என்று கேட்கிற வெளியூர்க்காரர் உண்டு.

மாம்பலத்துக்கு நேர்மாறான கதை, தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலுடையது. இங்கே நிலையங்களுக்குக் குறை வைக்கவே இல்லை, அளவுக்கு மீறியே கட்டிவிட்டார்கள். 1995 நவம்பர் 1ஆம் தேதி பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை முதல் ரயில் போனது. 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று பாதை தவணை தவணையாக நீண்டது. நகருக்குள் நிலம் கையகப்படுத்தும் தொல்லையைத் தவிர்க்க, பெரும்பகுதியைப் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும் அதற்குள்ளேயும் தூண் நட்டுக் கட்டினார்கள். கால்வாய்க்கு அதனால் நேர்ந்த கதியைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுதவேண்டும். இரண்டாம் கட்டத்தின் செலவில் மூன்றில் இரண்டு பங்கை மாநில அரசு ஏற்றது. மேல்தளங்களில் கடைகளும் அலுவலகங்களும் வரும், வாடகை கொட்டும் என்ற நம்பிக்கையில் நிலையங்களைக் கல்யாண மண்டபத்தைவிடப் பெரிதாக எழுப்பினார்கள். கடைகள் வரவில்லை. வந்தது புறாவும் தூசியும்தான்.

மந்தைவெளியிலோ கோட்டூர்புரத்திலோ மாலை ஏழு மணிக்கு மேல் இறங்கிய பெண்ணைக் கேட்டால் மீதியைச் சொல்வார். நடைமேடையில் இருபது பேர் இறங்குவார்கள். படிக்கட்டின் முதல் திருப்பத்தில் பத்துப் பேர் ஆவார்கள். ஆளரவமற்ற அந்தப் பெரிய கூடத்தைத் தாண்டி வெளிவாசலுக்கு வரும்போது ஒருவர் மட்டும் தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடந்துகொண்டிருப்பார். மாம்பலத்தில் இடமில்லாத அவஸ்தை, இங்கே இடம் மிகுந்துபோன அவஸ்தை. நிலையம் என்பது கூட்டத்தின் அளவைக் கணக்கிட்டுக் கட்டவேண்டிய பொருள் என்பதை இந்தப் பாதையில் யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் பயணிக்குப் பயம் காலியான நிலையத்தில் மட்டுந்தான் என்று நினைக்கவும் வழியில்லை. 2016 ஜூன் 24 காலை, ஆட்கள் ரயிலுக்குக் காத்திருந்த நுங்கம்பாக்கம் நடைமேடையிலேயே ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா ஒன்றுகூட இல்லை என்பது அதன் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. சுற்றுவட்டாரக் கட்டடங்களில் தனியார் வைத்திருந்த கேமராக்களின் பதிவை வைத்துத்தான் போலீசார் துப்புத் துலக்கவேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கேள்வி கேட்டது. பிறகு புறநகர் நிலையங்களில் கேமராக்கள் வந்தன. அதற்கு முன்பும் அவற்றின் விலை ரயில்வேக்கு எட்டாத விலையாக இருந்திருக்காது.

இரண்டு வருடம் கழித்துப் பரங்கிமலை. 2018 ஜூலை 24 காலை கோடம்பாக்கம் – மாம்பலம் இடையே மின்கம்பி அறுந்ததால் ரயில்கள் தாமதமாயின. பீச்சிலிருந்து திருமால்பூர் போகும் ரயிலைத் தொலைதூர ரயில்கள் செல்லும் விரைவுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். உள்ளே நுழைய இடமில்லாமல் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள், பரங்கிமலையில் நடைமேடையை ஒட்டியிருந்த கான்கிரீட் தடுப்பில் மோதி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். தண்டவாளத்தை யாரும் குறுக்கே கடக்கக்கூடாது என்று எழுப்பிய தடுப்பு அது. ஒரு ஆபத்தைத் தடுக்கப் போட்ட சுவர் இன்னொன்றுக்கு வாசலானது. படிக்கட்டில் பயணம் செய்யாதீர் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. அடுத்த ரயில் எப்போது வரும் என்று தெரியாத நாளில், ஆபீசுக்குத் தாமதமான ஆள் அதைக் காதில் வாங்குவாரா?

மீட்டர் கேஜ் ரயில்கள் 2004இல் விடைபெற்றன. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் அகலப்பாதை ரயிலும் மீட்டர் கேஜ் ரயிலும் ஒரே வழித்தடத்தில் அக்கம்பக்கமாக ஓடின. ஒரு மீட்டர் இடைவெளிக்கென்று அமைந்த நடைமேடைகளை 1676 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் வரும் அகலமான பெட்டிகளுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார்கள். பிறகு ஒன்பது பெட்டிகள் பன்னிரண்டாகப் பெருகியபோது நடைமேடைகளை நீட்டினார்கள். நீட்டிய பகுதிக்குப் பல நிலையங்களில் கூரை போடவில்லை. மழையில் கூரைக்கடியில் ஒதுங்குகிறவர்கள் எல்லோரும் நடுப்பெட்டிகளில் ஏற, கடைசி மூன்று பெட்டிகள் காலியாகப் போகும். அதிகப் பெட்டிகளுக்காகச் செலவழித்த பணத்தில் ஒரு பகுதி இப்படித் தகரக்கூரை இல்லாமல் வீணாவதை எந்தக் கணக்கறிக்கையும் காட்டாது.

வேலை நடக்கும்போது பயணியை என்ன செய்வது என்பதிலும் அதே அலட்சியம்தான். பீச் – எழும்பூர் இடையே நாலாவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் இறுதியில் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். பதினான்கு மாதம் கழித்து 2024 அக்டோபர் இறுதியில்தான் அது மறுபடி பீச்சுக்குப் போனது. அதுவரை பாரிமுனைக்கும் துறைமுகத்துக்கும் போகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ நடையோ என்று பார்த்துக்கொண்டார்கள். அதே 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பிரம்மாண்டமான பேருந்து முனையம் திறந்தார்கள். ரயில் பாதை கண்ணுக்கெதிரே போனது, அப்போது நிலையம் மட்டும் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி மூட்டை முடிச்சோடு திரும்பி வரவேண்டியிருந்தது.

இப்போது பணம் வராமல் இல்லை. எழும்பூரைப் புதுப்பிக்க 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பித்த பரங்கிமலை நிலையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது. முகப்பு, விளக்கு, வாகன நிறுத்தம் எல்லாம் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. இந்த மாதிரித் திட்டங்களில் வழக்கமாக முகப்புக்குத்தான் முதல் கவனிப்பு, ஏனென்றால் திறப்பு விழாப் புகைப்படம் அங்கேதான் எடுக்கப்படுகிறது. கழிப்பறையின் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, லிஃப்ட் இரவு பத்து மணிக்கும் ஓடுகிறதா என்பதெல்லாம் போகப்போகத்தான் தெரியும்.

2025 ஏப்ரல் 19ஆம் தேதி பீச் – செங்கல்பட்டு பாதையில் சென்னையின் முதல் குளிர்சாதனப் புறநகர் ரயில் ஓடியது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை தயாரித்த பன்னிரண்டு பெட்டி வண்டி. கதவுகள் தானாக மூடிக்கொள்வதால் படிக்கட்டில் தொங்க வழியே இல்லை. கட்டணம் சாதாரண ரயிலைவிடக் கூடுதல், ஓட்டங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே பெரும்பாலோர் இன்னமும் கதவு மூடாத வண்டியில்தான் போகிறார்கள். ஏப்ரல் வெயிலில் அந்தக் குளிர் வண்டிக்குக் காத்திருக்கிறவரும், கூரை முடிந்த இடத்துக்கு அப்பால் நின்றால் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டுதான் நிற்கவேண்டியிருக்கிறது.